முதலில் வந்தது பில்

ஆந்திரத்தில் 1995-ல் தொடங்கிய சீர்திருத்தத்தில் எதற்கு முன்னுரிமை என்ற கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி இருந்தது: யாரிடம் முதலில் பணம் கேட்பது? முதல்வர்களின் தலையெழுத்தை எழுதியது அந்த இரண்டாவது கேள்விதான்.

2004 மே 14. ஐதராபாத் லால் பகதூர் ஸ்டேடியம். முதல்வராகப் பதவியேற்ற கையோடு ஒய்.எஸ்.ராஜசேகர ரெட்டி, திரண்டிருந்த கூட்டத்தின் கண்ணெதிரே மேடையிலேயே ஒரு கோப்பில் கையெழுத்திட்டார். விவசாயிகளுக்கு இலவச மின்சாரம். பழைய மின்கட்டண பாக்கியும் தள்ளுபடி. தலைமைச் செயலகத்துக்குப் போய் நாற்காலியில் உட்காரும் வரைகூட அவர் காத்திருக்கவில்லை.

அந்தக் கையெழுத்துக்கு முந்தைய ஒன்பது ஆண்டுகளில் ஆந்திரத்தைப் போல் உலகின் கண்ணில் பட்ட இந்திய மாநிலங்கள் குறைவு. மைக்ரோசாப்ட் 1998-ல் தன் மென்பொருள் மேம்பாட்டு மையத்துக்கு ஐதராபாத்தைத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு நவம்பரில் ஹைடெக் சிட்டியின் சைபர் டவர்ஸ் கட்டிடத்தைப் பிரதமர் வாஜ்பாய் திறந்து வைத்தார். 2000 மார்ச்சில் அமெரிக்க அதிபர் பில் கிளின்டனே வந்து போனார். மடியில் லேப்டாப்புடன் சுற்றிய முதல்வர் என்று சந்திரபாபு நாயுடுவின் புகைப்படம் வெளிநாட்டுப் பத்திரிகைகளிலெல்லாம் வந்தது. அப்படிப்பட்டவரின் தெலுங்கு தேசம் கட்சியைத்தான் 294 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் 47 இடங்களுக்குச் சுருக்கி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள் வாக்காளர்கள்.

சீர்திருத்தத்தையே ஆந்திர மக்கள் தூக்கி எறிந்துவிட்டார்கள் என்று அப்போது டெல்லியில் பலர் தீர்ப்பெழுதினார்கள். சற்றுப் பொறுமையாகப் பார்த்தால் விஷயம் அத்தனை சுலபமில்லை. தோற்றபோதும் தெலுங்கு தேசத்துக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாக்குகள் விழுந்திருந்தன. காங்கிரஸ், தெலுங்கானா ராஷ்டிர சமிதி, இடதுசாரிகள் எல்லோரும் ஒரு பக்கம் சேர்ந்து நின்றதும், தொடர் வறட்சியும் நாயுடுவுக்குப் பாதகமாயின. அதைவிட முக்கியம், அவருக்குப் பின் வந்தவர்கள் அவர் செய்ததில் எதைத் தொட்டார்கள், எதைத் தொடவில்லை என்பது. கதையே அங்கேதான் இருக்கிறது.

மாமனார் விட்டுச் சென்ற கணக்கு

1995 செப்டம்பர் 1-ல் மாமனார் என்.டி.ராமராவைக் கவிழ்த்துவிட்டு நாயுடு பதவிக்கு வந்தபோது கஜானா நிலைமை மோசமாக இருந்தது. 1994 தேர்தலில் ராமராவ் மூன்று வாக்குறுதிகள் தந்திருந்தார். கிலோ 2 ரூபாய்க்கு அரிசி, முழு மதுவிலக்கு, பம்ப்செட்டுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு ஆண்டுக்கு வெறும் 50 ரூபாய் கட்டணம். மூன்றையும் நிறைவேற்றினார். ஒன்று செலவைக் கூட்டியது, இன்னொன்று கலால் வரவைத் துடைத்தது, மூன்றாவது மின்சார வாரியத்தைப் படுக்க வைத்தது.

மக்களவைத் தேர்தல் முடிந்த கையோடு 1996-ல் நாயுடு வெள்ளை அறிக்கைகள் வெளியிட்டார். அரசின் கையிருப்பு என்ன, மானியம் எவ்வளவு, வாரியத்தின் நஷ்டம் எத்தனை என்று ஊருக்கு ஊர் விவாதிக்கச் சொன்னார். ஒரு முதல்வர் தன் அரசின் ஓட்டாண்டித்தனத்தைத் தானே தண்டோரா போட்டது அந்நாளில் புதுமை. அடுத்து வந்தவை கசப்பு மருந்துகள். 2 ரூபாய் அரிசி 3.50 ஆனது. வாய்க்கால் பாசனத் தீர்வை மூன்று மடங்காக உயர்ந்தது. பம்ப்செட் கட்டணம் ஏறியது. 1997-ல் மதுவிலக்கு போனது.

அதற்குப் பிறகுதான் உலக வங்கி வந்தது. 1998 ஜூனில் பொருளாதார மறுசீரமைப்புக்கென்று ஏறத்தாழ 54 கோடி டாலர். 1999 பிப்ரவரியில் மின்துறைக்காக 21 கோடி டாலர். மொத்தம் 100 கோடி டாலர் வரை தவணை தவணையாகத் தருவதாகப் பேச்சு. நாடே ஒரு அரசாக டெல்லி வழியாகக் கடன் வாங்கிய காலம் போய், ஒரு மாநிலம் தன் சீர்திருத்தத் திட்டத்தைக் காட்டி உலக வங்கியிடம் பேரம் பேசிய காலம் அது. 1999 ஜனவரியில் வெளியான 'விஷன் 2020' ஆவணத்தை அமெரிக்க ஆலோசனை நிறுவனமான மெக்கின்சி தயாரித்துத் தந்தது.

விவசாயத்தை நம்பியிருப்போரின் விகிதத்தை 70 சதவீதத்திலிருந்து 40-க்குக் கொண்டுவர வேண்டும் என்றது அந்த ஆவணம். பொருளாதாரப் பாடப்புத்தகப்படி இது தவறில்லை. வளர்ந்த நாடுகளெல்லாம் கடந்து வந்த பாதைதான். ஆனால் மீதி 30 சதவீதம் பேர் எங்கே போவார்கள் என்று கிராமத்தில் கேட்டால் சொல்ல பதில் வேண்டுமே. 2001-ல் மேடக் மாவட்டம் அல்கோல் கிராமத்தில் சிறு விவசாயிகளும் நிலமற்ற கூலிகளும், பெரும்பாலும் பெண்கள், நடுவர்களாக உட்கார்ந்து இந்த ஆவணத்தைப் பல நாள் விசாரித்தார்கள். சாட்சிகளைக் கேட்டார்கள். கடைசியில் வேண்டாம் என்று தீர்ப்பளித்தார்கள். ஐதராபாத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

கிணற்றடியில் மாட்டிக்கொண்ட மீட்டர்

எந்த மாநிலத்தின் சீர்திருத்தப் பட்டியலை எடுத்தாலும் மின்சாரம் முதல் மூன்றுக்குள் இருக்கும். காரணம், மாநிலத்தின் பணம் மிக அதிகமாக ஒழுகும் ஓட்டை அது. ஆந்திரத்தில் ஏறத்தாழ 20 லட்சம் பம்ப்செட்டுகள். பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் கிடையாது. குதிரைத்திறனை வைத்துத்தான் கட்டணம். எவ்வளவு மின்சாரம் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. இது வாரியத்துக்கும் ஒருவகையில் சௌகரியம். நகரத்தில் கொக்கி போட்டுத் திருடியது, பழைய கம்பியில் வீணானது, ஊழியர் கண்டும் காணாமல் விட்டது எல்லாவற்றையும் விவசாயி பேரில் எழுதிவிடலாம். 20 சதவீதத்தை ஒட்டிச் சொல்லப்பட்டுவந்த மின் இழப்பு, கணக்கை நேர்மையாகப் போட்டுப் பார்த்ததும் 30 சதவீதத்தைத் தாண்டியது.

விவசாயியின் பக்கமும் ஒரு கணக்கு உண்டு. கிருஷ்ணா, கோதாவரி டெல்டாவில் வாய்க்கால் தண்ணீர். தீர்வை மூன்று மடங்கானாலும் சமாளித்துவிடலாம். தெலுங்கானாவிலும் ராயலசீமையிலும் தண்ணீர் பூமிக்கு அடியில். போர் போடுவது சொந்தக் காசு, மோட்டார் சொந்தக் காசு. இரண்டு போரில் ஒன்று பொய்த்தால் வட்டிக்கடைதான் கதி. மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாமல் ராத்திரி முழுக்கக் கிணற்றடியில் காத்திருக்க வேண்டும். வந்தாலும் அழுத்தம் போதாமல் மோட்டாரின் காயில் எரியும். டிரான்ஸ்பார்மர் போனால் ஊரே பணம் வசூலித்து அதை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போகும். அனந்தபூர் நிலக்கடலை விவசாயியிடம் "தரமான மின்சாரத்துக்கு நியாயமான விலை கொடு" என்றால், "முதலில் தரமான மின்சாரத்தைக் காட்டுங்கள்" என்பதுதான் அவருடைய பதிலாக இருக்க முடியும்.

அரசு வேறு வரிசையில் போனது. 1998-ல் மின்சாரச் சீர்திருத்தச் சட்டம். 1999 பிப்ரவரி 1-ல் மின்சார வாரியம் உற்பத்திக்கு ஜென்கோ, கடத்தலுக்கு டிரான்ஸ்கோ என இரண்டாகப் பிரிந்தது. மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வந்தது. 2000 ஏப்ரலில் நான்கு விநியோகக் கம்பெனிகள். எல்லாம் காகிதத்தில் கச்சிதம். ஆனால் 2000 ஜூனில் வீடுகளையும் வயல்களையும் தொட்ட முதல் மாற்றம் உயர்த்தப்பட்ட கட்டணம். கம்பி அதே கம்பி, டிரான்ஸ்பார்மர் அதே டிரான்ஸ்பார்மர். பில் மட்டும் புதிது.

காங்கிரசும் இடதுசாரிகளும் தெருவுக்கு வந்தன. ஆகஸ்ட் 28 அன்று சட்டமன்றத்தை நோக்கிப் போன ஊர்வலத்தை ஐதராபாத் பஷீர்பாக்கில் போலீஸ் மறித்தது. துப்பாக்கிச் சூடு. மூன்று உயிர்கள் போயின. அந்தச் சத்தம் நாயுடு ஆட்சியின் கடைசி நாள் வரை ஓயவில்லை. தேர்தல் முடியும்வரை அப்படியொரு பெரிய கட்டண உயர்வுக்கு அரசு மீண்டும் துணியவில்லை. மின் திருட்டுக்கு எதிராக அதே ஆண்டு கொண்டுவந்த கடும் சட்டத்தால் இழப்பு உண்மையாகவே குறையத் தொடங்கியது, வசூல் கூடியது. அந்த வேலையை முதலில் செய்திருந்தால்? அப்படி யோசிக்கத் தோன்றுகிறது. நகரத்துத் திருட்டை முதலில் பிடித்து, கிராமத்துக்கு ஒழுங்கான மும்முனை மின்சாரத்தை இரண்டாவதாகக் கொடுத்து, மூன்றாவதாகக் காசு கேட்டிருக்கலாம். ஆனால் கடன் தவணைக்கு நிபந்தனைகளும் கால அட்டவணையும் உண்டு. மழைக்குத்தான் அப்படி எதுவும் கிடையாது.

2002-ல் நாடு முழுவதும் பருவமழை பொய்த்தது. பருத்தியும் கடனும் சேர்ந்து வாரங்கலில் 1997-98-லேயே விவசாயிகளைப் பலிவாங்கியிருந்தன. இப்போது தற்கொலைச் செய்திகள் பல மாவட்டங்களிலிருந்து வந்தன. இலவச மின்சாரம் கொடுத்தால் மின்கம்பியில் துணி காயப்போட வேண்டியதுதான் என்று நாயுடு பேசியதாகக் காங்கிரஸ் மேடை தவறாமல் சொன்னது. 2003 கோடையில் ராஜசேகர ரெட்டி சேவெள்ளாவிலிருந்து இச்சாபுரம் வரை 1,400 கிலோமீட்டருக்கு மேல் நடந்தார். வழியெல்லாம் அவர் கேட்டது கிணற்றுப் புலம்பல். அதுதான் ஸ்டேடியத்தில் கையெழுத்தானது.

தமிழ் வாசகர்களுக்கு இதில் பரிச்சயமான ஒரு வாசனை அடிக்கும். 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் தந்துவந்த தமிழ்நாட்டில், 2003-ல் ஜெயலலிதா அரசு மறுபடி கட்டணம் விதித்துப் பார்த்தது. 2004 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலுமாக 40 தொகுதிகளும் கைவிட்டுப் போயின. ஐதராபாத்தில் கையெழுத்து விழுந்த சில நாட்களில், அதே மே மாதத்தில், சென்னையிலும் இலவச மின்சாரம் திரும்பி வந்தது. தமிழ்நாட்டு மின்வாரியம் கம்பெனிகளாகப் பிரிக்கப்பட 2010 நவம்பர் வரை ஆனது.

எது நிலைத்தது?

இனி ராஜசேகர ரெட்டி தொடாதவை. ஜென்கோ, டிரான்ஸ்கோ, நான்கு விநியோகக் கம்பெனிகள் எதையும் அவர் ஒன்று சேர்க்கவில்லை. ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலைக்கவில்லை. அதற்குள் மத்திய அரசின் 2003 மின்சாரச் சட்டம், மானியம் கொடுக்க விரும்பும் மாநில அரசு அந்தப் பணத்தைத் தானே முன்கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. இலவசத்துக்கு ஒரு விலைச்சீட்டு ஒட்டப்பட்டது. அதைச் செலுத்தவேண்டியது விவசாயி அல்ல, கஜானா. அடுத்த ஆண்டே அவரது அரசு வருமான வரி கட்டுவோர், பெரிய நிலக்காரர்கள் ஆகியோரை விலக்கியும், மோட்டாருக்கு கெபாசிட்டர் பொருத்தச் சொல்லியும் நிபந்தனைகள் போட்டது. மேடையில் கொடுத்ததைக் கோட்டையில் கொஞ்சம் கத்தரிப்பது எல்லா முதல்வர்களுக்கும் கைவந்த கலை.

நாயுடு காலத்தில் 'வெலுகு' என்று தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம் 'இந்திரா கிராந்தி பதம்' ஆனது. பெயர்ப்பலகை மாறியது, குழுக்கள் பெருகின. பத்திரப் பதிவு அலுவலகங்களில் 1998-ல் வைத்த கம்ப்யூட்டர்கள் போகவில்லை. உழவர்களே நேரில் விற்கும் ரைத்து பஜார்களும் தொடர்ந்தன. நாயுடு திட்டமிட்ட ஷம்ஷாபாத் விமான நிலையம் 2008-ல் திறந்தபோது முதல்வர் ராஜசேகர ரெட்டி. அதே ஆண்டு 2 ரூபாய் அரிசியும் திரும்பியது. ராமராவின் அரிசி, காங்கிரஸ் பையில்.

ஆக, மக்கள் கம்ப்யூட்டரையும் சைபர் டவர்சையும் தோற்கடிக்கவில்லை. வாரியத்தைப் பிரித்ததையும் எதிர்த்து வாக்களித்ததாகச் சொல்ல முடியாது. கைக்கு ஏதும் வருவதற்கு முன்பே மடியிலிருந்து எடுக்கச் சொன்ன பகுதி மட்டும்தான் நிலைக்கவில்லை. மீதி எல்லாம் கட்சி மாறியும் உயிரோடு இருந்தது.

வேறு மாநிலங்களின் அனுபவமும் யோசிக்க வைக்கிறது. மின்வாரியத்தை முதலில் பிரித்த மாநிலம் ஒரிசா, 1996 ஏப்ரலில். விநியோகத்தை 1999-ல் தனியாருக்கே கொடுத்தது. அந்த அக்டோபரில் பெரும் புயல் கம்பங்களைச் சாய்த்தது. ஒரு வட்டாரத்தை எடுத்திருந்த அமெரிக்கக் கம்பெனி ஏ.இ.எஸ். 2001-ல் கைகழுவியது. மற்ற மூன்றை நடத்திய ரிலையன்ஸின் உரிமங்கள் 2015-ல் ரத்தாயின. 2020-21-ல் டாடா பவர் நான்கையும் எடுத்துக்கொண்டது. கம்பெனியை மாற்றுவது வேறு, கம்பியை மாற்றுவது வேறு. குஜராத் 2003-க்கும் 2006-க்கும் இடையில் கம்பியிலிருந்து தொடங்கியது. 'ஜோதிகிராம்' திட்டத்தில் வீடுகளுக்கு ஒரு ஃபீடர், வயல்களுக்குத் தனி ஃபீடர். வீடுகளுக்கு 24 மணிநேரமும், வயலுக்கு முன்கூட்டிச் சொன்ன நேரத்தில் 8 மணிநேரமும் நல்ல அழுத்தத்தில் மின்சாரம். குத்தகைக்குத் தண்ணீர் வாங்கிப் பயிரிட்ட ஏழைகள் இதில் பாதிக்கப்பட்டார்கள் என்ற விமர்சனம் உண்டு. ஆனாலும் கிராமத்து வீட்டில் விளக்கு எரிந்தது என்பதை யாரும் மறுக்கவில்லை.

மறுபடி நாயுடு

2014-ல் மாநிலம் பிரிந்தது. நாயுடு ஒன்பது ஆண்டுகள் ஊட்டி வளர்த்த ஐதராபாத் தெலுங்கானாவுக்குப் போனது. மிஞ்சிய ஆந்திரத்தின் முதல் முதல்வராக வந்தவர் அவரே. இந்த முறை வெற்றிக்கு வழி வகுத்தவை ஒரு நீண்ட பாதயாத்திரையும் விவசாயக் கடன் தள்ளுபடி வாக்குறுதியும். இலவச மின்சாரத்தை நிறுத்துவது பற்றி மூச்சே விடவில்லை. புதிய தலைநகர் அமராவதிக்காக 29 கிராமங்களில் 33,000 ஏக்கருக்கு மேல் விவசாயிகளே நிலத்தை ஒப்படைத்தார்கள், பிற்பாடு மனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்ன அரசை நம்பி.

2019-ல் 175 இடங்களில் 151-ஐப் பிடித்து வந்த ஜெகன்மோகன் ரெட்டி தலைநகரை மூன்றாகப் பிரிக்கப் போவதாக அறிவித்தார். அமராவதியில் வேலை நின்றது. நாயுடு காலத்துக் காற்றாலை, சூரிய மின் ஒப்பந்தங்களின் விலை அதிகம் என்று குறைக்க முயன்றார். யூனிட்டுக்கு 4.84 ரூபாய் என்று கையெழுத்தான காற்றாலை மின்சாரத்துக்குப் பாதி விலை போதும் என்றது அரசு. 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் ஒப்பந்த விலையையே தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. விலை அதிகமா இல்லையா என்பது விவாதத்துக்குரியது. ஆனால் ஆட்சி மாறினால் ஒப்பந்தமும் மாறும் என்ற பேச்சு ஒரு மாநிலத்துக்கு எந்தத் தொழிற்சாலையையும் கொண்டு வராது.

பழைய மீட்டரும் திரும்பி வந்தது. 2020-ல் மத்திய அரசு, மின்துறைச் சீர்திருத்தம் செய்யும் மாநிலங்களுக்குக் கூடுதல் கடன் வாங்க அனுமதி என்றது. ஜெகன் அரசு பம்ப்செட்டுகளுக்கு மீட்டர் பொருத்த முடிவெடுத்து ஸ்ரீகாகுளத்தில் தொடங்கியது. பணத்தை விவசாயி கணக்கில் போட்டுவிடுவோம், அவர் பில் கட்டட்டும் என்றது. எதிர்த்தது யார்? 2000-ல் கட்டணத்தை உயர்த்திய தெலுங்கு தேசம். பக்கத்துத் தெலுங்கானாவில் சந்திரசேகர ராவ், கடனே வேண்டாம், மீட்டரும் வேண்டாம் என்றார்.

2024 ஜூனில் நாயுடு மீண்டும் முதல்வர். கூட்டணிக்கு 164 இடங்கள். இப்போது அவரும் முதல் கையெழுத்தின் மகிமை அறிந்தவர். 16,347 ஆசிரியர் பணியிடங்களை நிரப்புவது, ஓய்வூதியத்தை மாதம் 4,000 ரூபாயாக உயர்த்துவது என்று தொடங்கினார். ஜூலை 1 அன்று பாக்கியோடு சேர்த்து 7,000 ரூபாய் வீடு தேடிப் போனது. பிறகு வெள்ளை அறிக்கைகள். 1996-ல் வெள்ளை அறிக்கை முன்னால், சலுகை பறிப்பு பின்னால். 2024-ல் சலுகை முன்னால், வெள்ளை அறிக்கை பின்னால். 1999-ல் 'தீபம்' திட்டத்தில் ஏழைப் பெண்களுக்கு சமையல் எரிவாயு இணைப்பு தந்தவர், இம்முறை 'தீபம்-2'-ல் ஆண்டுக்கு மூன்று சிலிண்டர்களையே இலவசமாகத் தந்தார். 2025 ஆகஸ்ட் 15 முதல் பெண்களுக்கு பஸ் பயணம் இலவசம்.

வளர்ச்சிக் கனவும் சுருங்கவில்லை. 2047-ல் மாநிலப் பொருளாதாரம் 2.4 லட்சம் கோடி டாலராக வேண்டும் என்கிறது 2024 டிசம்பர் 13-ல் வெளியிடப்பட்ட 'ஸ்வர்ண ஆந்திரா 2047'. அமராவதிக்கு உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் ஆளுக்கு ஏறத்தாழ 80 கோடி டாலர் கடன் ஒப்புக்கொண்டன. 2025 அக்டோபரில் கூகுள் விசாகப்பட்டினத்தில் 1,500 கோடி டாலரில் தகவல் மையம் அமைப்பதாக அறிவித்தது. தகவல் மையம் என்பது மின்சாரத்தைத் தின்னும் ராட்சசன். அதற்கான மின்சாரம் எங்கிருந்து, என்ன விலைக்கு, யார் கணக்கில் என்ற கேள்விகளோடுதான் அது வந்து இறங்கும்.

இலவசங்களுக்கும் கடன் வட்டிக்கும் தலைநகருக்கும் ஒரே கஜானா. விநியோகக் கம்பெனிகளின் பழைய நஷ்டமோ வேறு வாசல் வழியாக வந்தது. 2022-23, 2023-24 ஆண்டுகளில் மின்சாரம் வாங்கக் கூடுதலாகச் செலவானதை நுகர்வோரிடம் வசூலித்துக்கொள்ள ஒழுங்குமுறை ஆணையம் அனுமதித்தது. இரண்டும் சேர்ந்து 15,000 கோடி ரூபாய்க்கு மேல். முதல் தவணை 2024 டிசம்பர் பில்லில் ஏறியது. கனவு ஆவணம் வெளியான அதே மாதம். இது ஜெகன் வைத்துவிட்டுப் போன சுமை என்றது ஆளும் தரப்பு. டிசம்பர் 27 அன்று மாநிலம் முழுக்க மின்கட்டண உயர்வைக் கண்டித்து ஊர்வலம் போனது, அந்தச் செலவு நடந்த நாட்களில் ஆட்சியிலிருந்த ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ்.